கிராதிக்கு அந்தப் பக்கம்

கடவுளின் சந்நிதியில் ஏற்றத்தாழ்வு கிடையாது. ஆணும் பெண்ணும் அங்கே சமம். எங்கள் ஆலயத்தில் இந்தச் சமத்துவம் பெரிய வாசலில் தொடங்கி, பீடத்துக்கு முன்னால் குறுக்கே நிற்கும் மரக் கிராதிவரை, அதாவது சரியாக எழுபத்தாறு அடி தூரத்துக்கு நிலவியது. அளந்து சொன்னவர் தரைக்குக் கல் பதிக்க வந்த மேஸ்திரி. அவருக்கும் எங்கள் மதத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் ஆண்பிள்ளை என்பதால், கிராதிக்கு அந்தப் பக்கமும் போய் அளந்துவிட்டு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு வந்தார்.

கிராதி இடுப்பளவு உயரம். நடுவில் சின்னதாக ஒரு கதவு. அந்தக் கதவுக்கு அப்பால் பீடம் இருக்கிறது, போதகரின் நாற்காலி இருக்கிறது, வேதபாடம் வாசிக்கும் சாய்வு மேசை இருக்கிறது. பெண்கள் அந்தக் கதவைத் தாண்டுவதில்லை. மணப்பெண் இந்தப் பக்கமே மண்டியிடுவாள். பீடத்து விரிப்பைத் துவைத்து இஸ்திரி போடும் பெண்கள், அதைக் கிராதிக்கு மேலாக நீட்டுவார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆண் கை வாங்கிக்கொள்ளும்.

விதிவிலக்கு ஒன்றே ஒன்று. கையில் துடைப்பம் இருந்தால் போகலாம்.

அந்த விதிவிலக்கின் பேரில் நாற்பத்தைந்து வருடம் உள்ளே போய் வந்தவர் கணக்கு டீச்சரின் அம்மா. சனிக்கிழமை தவறாமல் பிற்பகல் மூன்று மணிக்குப் போவார். இருபத்துமூன்று வயதில் ஆரம்பித்தது. படுக்கையில் விழும்வரை ஒரு வாரம் விட்டதில்லை. டீச்சர் சின்னப் பெண்ணாக இருந்தபோது, முறத்தைப் பிடித்துக்கொண்டு கிராதிக்கு வெளியே நிற்பாள். அம்மா உள்ளே பெருக்குவார். சாய்வு மேசைக்குப் பக்கத்தில் வந்ததும் துடைப்பத்தின் சத்தம் நின்றுவிடும். விரித்து வைத்திருக்கும் புத்தகத்தைப் பார்த்து அம்மாவின் உதடுகள் மட்டும் அசையும். வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் துடைப்பத்தின் சத்தமும் திரும்ப ஆரம்பிக்கும்.

போன வருடம் ஆஸ்பத்திரியில் அம்மா சொன்னார்: "ஒரு தடவையாவது அங்க நின்னு சத்தமா வாசிச்சுப் பாக்கணும்னு இருந்துச்சுடி."

டீச்சர் அழுதாள். அம்மா அடுத்துச் சொன்னது: "ஃபேன கொறச்சு வையி. குளிருது." மறுநாள் இறந்துபோனார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதலாண்டு நினைவு ஆராதனை. டீச்சர் போதகருக்கு ஒரு கடிதம் எழுதினாள். இரண்டே வரி. அன்றைய வேதபாடத்தை நான் வாசிக்க விரும்புகிறேன். சாய்வு மேசையில் நின்று.

*

போதகர் நல்ல மனிதர். முடிவெடுக்க வேண்டிய எதையும் செயலாளரிடம் கொடுத்துவிட்டு, அதற்காக ஜெபிப்பார். போன வருடத்திலிருந்து அவருக்கு ஒரு தும்மல். பீடத்தில் நின்றால் வரும். வீட்டுக்குப் போனால் நின்றுவிடும். சிலர் பருவநிலை மாற்றம் என்றார்கள். சிலர் அங்கியின் கஞ்சி என்றார்கள். அது ஆவிக்குரிய போராட்டம் என்று போதகர் ரகசியமாக நம்பினார். கமிட்டி உறுப்பினரான மருந்துக்கடைக்காரர் வாரம் ஒரு அட்டை மாத்திரை கொடுத்து, அந்தப் போராட்டத்துக்கு உதவி வந்தார்.

கடிதம் செயலாளரிடம் போனது. அவருக்குச் சபையில் தீர்மானம் என்று பெயர். இரண்டு பேர் ஒரே இடத்தில் நின்றால் மூன்றாவதாக வந்து தீர்மானம் போடுவார். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான், அலுவலகம் அவருக்குள் நடந்துகொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை இடைவேளை நேரத்தில் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். ஆசிரியர் அறையில் டீச்சர் நின்றுகொண்டே ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். கடிதம் கொடுத்த நாளிலிருந்து அவளுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்தால் ஒடிந்தது. பஸ்ஸில் ஏறினால், போக்குவரத்து நின்ற இடத்தில் பொறுக்க முடியாமல் இறங்கி நடந்தாள்.

"டீச்சர், கடிதம் கெடச்சுது. என்ன அழகான கையெழுத்து!"

"பதில் என்னங்க?"

"உங்கம்மா இந்தச் சபைக்கு ஒரு தூண்."

இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும் நேரத்திலெல்லாம் அவர் யாரையாவது தூணாக்கிவிடுவார்.

"அந்தத் தூணோட மகதான் கேக்குறேன். வாசிக்கலாமா?"

"தாராளமா வாசிங்க. யாரு வேணாம்னா? கிராதிக்கு இந்தப் பக்கம் ஒரு மைக் வெச்சுத் தரோம். புது மைக்."

"மேசைல நின்னு வாசிக்கணும்."

"அது வழக்கத்துல இல்லீங்களே."

"கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

"எழுதலைங்க. அதுதான் அதோட பலமே. எழுதியிருந்தா ஒரு தீர்மானம் போட்டுத் திருத்திடலாம். எழுதாதத எப்படிங்க திருத்துறது?"

டீச்சர் ரொட்டியை வைத்துவிட்டாள். "சரி. காரணம்னு ஒண்ணு இருக்கணுமில்ல?"

செயலாளர் அறையைச் சுற்றிப் பார்த்தார். அலமாரிமேல் பூமி உருண்டை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "இயற்கைக் காரணங்கள்," என்றார்.

"அப்படின்னா? வெள்ளமா, நிலநடுக்கமா?"

பக்கத்து மேசையில் விளையாட்டு மாஸ்டர் தேநீரைப் புரையேற்றிக்கொண்டார். செயலாளரின் காது சிவந்தது.

"உங்களுக்குத் தெரியாததா டீச்சர்… பொம்பளைங்களுக்கு… மாசா மாசம்… நான் ஒரு குடும்பஸ்தன், இதெல்லாம் நான் வாயால சொல்லக் கூடாது."

"பன்னெண்டு வருஷமா உதிரம் நிக்காம பெரும்பாடு பிடிச்ச ஒரு அம்மா, கூட்டத்துல புகுந்து ஆண்டவரோட அங்கியத் தொட்டாங்களே. வருஷா வருஷம் நீங்கதான் அதே மேசைல நின்னு அந்தப் பாடத்த வாசிக்கிறீங்க. தொண்டை கிழிய வாசிக்கிறீங்க. அப்போ அவரு என்ன செஞ்சாரு? கமிட்டியக் கூட்டுனாரா?"

மணி அடித்தது. இது கமிட்டியின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்படும் என்று சொல்லிவிட்டுச் செயலாளர் எழுந்தார். ரொட்டி அப்படியே கிடந்தது.

*

கமிட்டியில் ஏழு பேர். ஏழு பேரும் ஜனநாயக முறையில் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆண்கள், தோற்றுப்போனவர்களும் ஆண்களே. வியாழக்கிழமை மாலை போதகர் முன்னிலையில் கூடினார்கள். பேச வேண்டிய பொருள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதன் பெயர் மட்டும் ஒருவருக்கும் தெரியாததுபோல் இருந்தது.

"அந்த விஷயம்" என்றார் ஒருவர். "சரீர சம்பந்தமானது" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். மருந்துக்கடைக்காரர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருடமாக அந்தச் சாமான் பொட்டலங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி விற்று, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் அவர். கேட்கிற பெண்ணும் பெயர் சொல்ல மாட்டாள், அவரும் கேட்க மாட்டார். அளவு மட்டும் பேசிக்கொள்வார்கள். இந்த விஷயத்தில் சபையிலேயே அனுபவஸ்தர் அவர்தான். அதனால் வாயே திறக்கவில்லை.

கடைசியில் செயலாளர் பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு சொல்லை வரவழைத்தார். மேற்படி. எல்லோருக்கும் மூச்சு வந்தது. கூட்டக் குறிப்பில் மேற்படி என்றே எழுதினார்கள். மேற்படிக்கு மேலே எதுவும் எழுதியிருக்கவில்லை. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

தீர்மானம் பிறந்தது. மேற்படி இயற்கைக் காரணங்களைக் கடந்துவிட்ட சகோதரிகள், செயலாளரின் சான்றொப்பத்துடன், விசேஷ சந்தர்ப்பங்களில் கிராதிக்குள் பிரவேசித்து வேதபாடம் வாசிக்கலாம். காலத்துக்கேற்ற சீர்திருத்தம் என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். தேநீர் வந்தது.

இரண்டாவது மடக்கில் மருந்துக்கடைக்காரர் முதல்முறையாகப் பேசினார். "ஒரு சந்தேகம்ணே. டீச்சர் கடந்துட்டாங்களா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

ஏழு கோப்பைகளும் அந்தரத்தில் நின்றன.

"யாராவது கேக்கணும்," என்றார் செயலாளர்.

எல்லோரும் போதகரைப் பார்த்தார்கள். போதகர் தும்மப் பார்த்தார். அந்த அறையில் தும்மல் வரவில்லை.

*

போதகர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் ஒப்படைத்தார். போதகரம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.

"நீங்களே கேளுங்க."

"நான் எப்படிம்மா…"

"தாலி கட்டி வைக்க நீங்க வேணும். பிள்ளை பெத்தா ஞானஸ்நானம் குடுக்க நீங்க வேணும். நடுவுல நடக்குறதுக்கு மட்டும் நான் வேணுமா?"

"இது கமிட்டி தீர்மானம்."

"அப்போ கமிட்டியே கேக்கட்டும். ஏழு ஆம்பளைங்க வரிசையா போய் நின்னு, 'அம்மா, உங்களுக்கு நின்னுடுச்சா?'ன்னு கேளுங்க. நான் வந்து வேடிக்கை பாக்குறேன்."

போதகர் ஜெப அறைக்குப் போய்விட்டார். போதகரம்மா கையைத் துடைத்துக்கொண்டு டீச்சருக்குப் போன் போட்டார்.

"அக்கா, சிரிக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க." முழுக் கதையையும் சொன்னார்.

டீச்சர் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். போனை வைத்த பிறகு சிரிப்பு போய், கண்ணில் தண்ணீர் மட்டும் நின்றது. தன் நாற்பத்துநாலு வயது உடம்பை ஏழு பேர் தேநீர் குடித்துக்கொண்டே ஓட்டெடுப்புக்கு விட்டிருக்கிறார்கள். விடைத்தாள் திருத்த உட்கார்ந்தாள். ஒரு பையனுக்குப் பத்துக்குப் பன்னிரண்டு போட்டாள். அதை அடித்துவிட்டு எழுந்து, அறைக்குள் நடந்தாள். ஜன்னலிலிருந்து கதவு, கதவிலிருந்து ஜன்னல். ஒவ்வொரு தடவையும் ஒன்பது தப்படி. ஒன்பதைப் பல எண்களால் பெருக்கிக்கொண்டே நடந்தாள்.

*

வெள்ளிக்கிழமை மாலை செயலாளர் ஒரு படிவத்தோடு டீச்சர் வீட்டுக்கு வந்தார். அவரே தட்டச்சு செய்தது. பெயர். வயது. ஆலயத்தில் வழக்கமாக அமரும் வரிசை. நான்காவதாக, மேற்படி: ஆம், இல்லை.

"உக்காருங்க," என்றாள் டீச்சர். தான் உட்காரவில்லை.

"நீங்க எதையும் சொல்லவே வேணாம் டீச்சர். நாலாவதுல ஒரு கோடு போட்டா போதும். நான் பாக்கக்கூட மாட்டேன். அப்படியே மடிச்சு…"

"பாக்காம எப்படிச் சான்று குடுப்பீங்க?"

செயலாளருக்கு அது தோன்றியிருக்கவில்லை.

டீச்சர் படிவத்தை வாங்கிப் பின்பக்கம் திருப்பினாள். சட்டைப்பையிலிருந்த அவர் பேனாவையே கேட்டு வாங்கினாள். "நான் கணக்கு டீச்சர். எனக்குத் தெரிஞ்ச மாதிரி பதில் எழுதுறேன். எங்கம்மா இருபத்துமூணு வயசுல பீடத்தப் பெருக்க ஆரம்பிச்சாங்க. சரிதானே?"

"சரிதான். எங்கப்பா செயலாளரா இருந்தப்போ."

"அம்பது வயசு வரைக்கும்னு வெச்சுக்குவோம். இருபத்தேழு வருஷம். என்னைச் சுமந்த மாசம், பால் குடுத்த மாசம், எல்லாம் சேர்த்து ஒரு வருஷம் தள்ளுபடி. நான் ஒரே பிள்ளை. மிச்சம் இருபத்தாறு. வருஷத்துக்கு அம்பத்திரண்டு சனிக்கிழமை. பெருக்குங்க."

"டீச்சர், இதெல்லாம் எதுக்கு…"

"ஆயிரத்து முந்நூத்து அம்பத்திரண்டு. இருபத்தெட்டு நாளைக்கு அஞ்சு நாள். பெருக்கி வகுத்தா, இருநூத்து நாப்பத்தொண்ணு. மீதி கொஞ்சம் வருது, விட்டுருவோம்." விடைக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டாள். "இருநூத்து நாப்பத்தொரு சனிக்கிழமை எங்கம்மா மேற்படியோடதான் உள்ள போயிருக்காங்க. மறுநாள் காலைல நீங்கல்லாம் அதே இடத்துல நின்னு ஆராதிச்சிருக்கீங்க."

செயலாளர் அந்த எண்ணைப் பார்த்தார். அவர் தாலி கட்டியது முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால். அந்தப் பீடத்துக்கு எதிரே. அவருடைய மூன்று பிள்ளைகளின் ஞானஸ்நானமும் அங்கேயே. உதடு மெல்ல அசைந்தது. மனதுக்குள் தேதிகளைக் கூட்டிக் கழிக்கிறார் என்று டீச்சருக்குத் தெரிந்தது. வகுப்பில் தினமும் பார்க்கிற உதடு.

"அவங்க விஷயம் வேறங்க," என்றார் கடைசியில். "அவங்க பெருக்கப் போனவங்க."

"துடைப்பத்தப் பிடிச்சா நின்னுடுமா?"

செயலாளர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. அவருக்கு ஒரு தீர்மானம் தோன்றியிருந்தது.

"டீச்சர், ஒண்ணு செய்யலாம். அம்மாவோட இடத்துல நீங்கன்னு வெச்சுக்கிட்டா? அதுக்கு வழக்கம் இருக்கு. ஒரு துடைப்பத்தக் கையில வெச்சுக்கிட்டு உள்ள போங்க. பெருக்க வேணாம்! சும்மா பிடிச்சிருந்தா போதும். அப்படியே பாடத்த வாசிச்சுட்டு வந்துடுங்க. வழக்கமும் காப்பாத்தப்படும், உங்கம்மா ஆசையும் நிறைவேறும். நல்ல துடைப்பமா, புதுசா, சபை செலவுலயே வாங்கித் தரோம். வேணும்னா ஒரு ரிப்பன்…"

டீச்சர் பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"எங்கம்மா அந்த மேசைகிட்ட நாப்பத்தஞ்சு வருஷம் நின்னாங்க. அது கையில இருந்ததாலதான் வாயத் திறக்கல. நான் வெறுங்கையோட போவேன். இல்லன்னா இதே கணக்க பிஷப்புக்கு எழுதி அனுப்புறேன். தீட்டுப்பட்ட பீடத்துல நடந்த கல்யாணம் செல்லுமா, ஞானஸ்நானம் செல்லுமா, இருநூத்து நாப்பத்தொரு தடவ திரும்பப் பிரதிஷ்டை பண்ணணுமா, இல்ல மொத்தமா ஒரே தடவைல முடிச்சுக்கலாமா, அவரு சொல்லட்டும். கணக்கு சரியான்னும் பாக்கட்டும்."

செயலாளர் தாளை மடித்து எடுத்துக்கொண்டு, தன் பேனாவைக்கூட வாங்காமல் போனார்.

*

சனிக்கிழமை காலை அவசரக் கமிட்டி மருந்துக்கடையின் பின்பக்கம், இருமல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே கூடியது. உட்கார நாற்காலி இரண்டுதான் இருந்தது. தாள் கைமாறிக் கைமாறிப் போனது. மருந்துக்கடைக்காரர் கால்குலேட்டரில் ஒரு முறை தட்டினார். நம்பாமல் மறுபடியும் தட்டினார்.

"விடை சரிதாண்ணே."

"அந்த அஞ்சு நாள்ங்கிறது?" என்றார் செயலாளர், கடைசி நம்பிக்கையோடு. "மிகைப்படுத்தியிருக்கலாமில்ல?"

மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். இருபத்தெட்டு வருட அனுபவம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. "ஒரு பாக்கெட்டுக்கு எட்டு. சராசரியா மாசம் ரெண்டு பாக்கெட் போகும். அஞ்சு நாள் நியாயமான கணக்குதான். சொல்லப்போனா டீச்சர் கொறச்சுத்தான் போட்டிருக்காங்க."

எல்லோரும் அவரைப் புதிதாய்ப் பார்த்தார்கள். அவரும் தன்னைப் புதிதாய்ப் பார்த்தார். சந்தோஷமாகக்கூட இருந்ததுபோலத் தெரிந்தது. முன்பக்கம் ஒரு பெண் வந்து குரல் கொடுத்தாள். அளவு சொன்னாள். அவர் எழுந்து போய்ப் பொட்டலத்தை எடுத்தார், செய்தித்தாளைத் தேடிய கையை ஒரு கணம் நிறுத்தினார், பிறகு வழக்கம்போலச் சுற்றிக் கொடுத்தார்.

பிஷப் வரைக்கும் போக வேண்டாம் என்று முடிவானது. டீச்சர் வாசிக்கட்டும். இந்த ஒரு முறை மட்டும். படிவம் வேண்டாம், சான்று வேண்டாம், குறிப்பேட்டிலும் ஏற வேண்டாம். எழுதாமல் விட்டால் அதுவும் வழக்கமாகிவிடுமே என்று ஒருவர் கவலைப்பட்டார். எழுதினால் தெரிந்துவிடுமே என்று இன்னொருவர் கவலைப்பட்டார். போதகர் ஜெபத்தோடு கூட்டத்தை முடித்து வைத்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிரம்பியிருந்தது. போதகரம்மா வீடு வீடாகப் போன் போட்டிருந்தார். வழக்கமாகப் பின்வரிசையில் உட்காரும் பெண்களெல்லாம் முன்னால் வந்துவிட்டதால், கமிட்டி உறுப்பினர்கள் ஓரமாகத் தூணை ஒட்டி நிற்க வேண்டியிருந்தது.

டீச்சர் காலையில் இரண்டு முறை செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பாட்டு முடிந்தது. போதகர் தும்மினார், சைகை காட்டினார். எழுந்தாள். எழுபத்தாறு அடியில் அவளுக்கு மிச்சமிருந்தது பதினைந்து. கிராதிக் கதவு லேசாக இறுகியிருந்தது. தள்ளினாள், முனகிக்கொண்டு திறந்தது. உள்ளே போனாள்.

கையைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. வெறுங்கை இத்தனை கனமாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் எதிலோ அழுந்தின, மெத்தென்று. புத்தகத்தைப் பார்த்தாள்.

அவள் கேட்டு வாங்கிய பாடம், அதிகாலையில் கல்லறைக்குப் போன பெண்களைப் பற்றியது. வாசித்தாள். முதல் இரண்டு வரியில் குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை. மூன்றாவது வரியில் அது அம்மாவின் குரல்போல் அவளுக்கே கேட்டது. அம்மாவின் குரலை அந்த இடத்தில் அவள் கேட்டதே இல்லை; உதட்டைத்தான் பார்த்திருக்கிறாள். நிறுத்தி, மூச்சு வாங்கி, சத்தமாக வாசித்தாள். கல் புரட்டப்பட்டிருந்தது. பெண்கள் ஓடிவந்து சொன்னார்கள். அவர்கள் சொன்னது ஆண்களுக்குப் பிதற்றலாகப் பட்டது. அந்த வரியில் முன்வரிசைப் பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தது கிராதிக்குள்வரை கேட்டது. செயலாளர் தூணோடு தூணாகி நின்றார்.

பாடம் முடிந்தது. அவள் கையை எடுத்தாள்.

மேசை விளிம்பில் அவளுடைய பத்து விரல்களும் பதிந்திருந்தன, மாவில் பதிந்த மாதிரி. அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். மேசையின் காலுக்கும் போதகர் நாற்காலிக்கும் நடுவே சிலந்தி கெட்டியாக வலை கட்டியிருந்தது. சிவப்புத் தரைவிரிப்பு ஓரத்தில் சாம்பல் நிறமாயிருந்தது. அவள் புடவை இழுத்து வந்த வழி மட்டும் சிவப்பு. பீடத்தடியில் பழைய மெழுகுத் துண்டு, போன வருடத்துப் பாட்டுத்தாள், காய்ந்துபோன ஒரு பல்லி. அவள் வலது கை தானாக ஒரு துடைப்பத்தைத் தேடியது. அதை இடது கையால் பிடித்துக்கொண்டாள். பின்னால் போதகர் தும்மினார். அவளும் தும்மினாள்.

ஆராதனை முடிந்து வாசலில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அடுத்த வாரம் யார் வாசிப்பது என்று போதகரம்மா விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். செயலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பெருந்தன்மையோடு கைகுவித்தார்.

"நல்லா வாசிச்சீங்க டீச்சர். உங்கம்மா ஆத்மா சாந்தியடஞ்சிருக்கும். பீடத்தோட பரிசுத்தத்துக்கு ஒரு குறையும் வராம, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது."

"அம்மாவுக்கு அப்புறம் உள்ள யாருங்க பெருக்குறது?" என்று கேட்டாள் டீச்சர்.

"பொருத்தமான ஒரு சகோதரியத் தேட அப்பவே துணைக் கமிட்டி போட்டாச்சே." செயலாளர் மருந்துக்கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, உங்க வீட்லதானே பாத்துக்குறாங்க?"

"எங்க வீட்லயா? ஐயா வீட்லன்னு நெனச்சேண்ணே."

போதகர் மனைவியைப் பார்த்தார்.

"எனக்கு வயசு நாப்பத்தொண்ணு," என்றார் போதகரம்மா. "மேற்படி இருக்கு. நான் எப்படி உள்ள போறது?"

அந்த ஒரு வருடத்தில் ஐம்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே நின்று ஆராதனை நடத்தியவர்கள், பாடம் வாசித்தவர்கள், காணிக்கைத் தட்டு ஏந்திப் போனவர்கள் எல்லோரும் ஆண்கள். எல்லோரும் அந்தத் தூசியைப் பார்த்திருந்தார்கள். யாரோ ஒருவருடைய மனைவி கவனிக்க வேண்டிய விஷயம் என்று விட்டுவிட்டார்கள். டீச்சரின் அம்மா இறந்த நாளிலிருந்து பீடத்தை ஒருவரும் பெருக்கவில்லை.